நாலு பெட்டி ராட்டினம்

ராட்டினத்தில் ஏற்றுவதற்கு முன்னால் பாட்டையா எங்களை ஒவ்வொருவராகக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சுகிறார் என்று முதல் வருஷம் நினைத்துக்கொண்டேன். எடை பார்க்கிறார். "இவ கால் மூடைக்குக் கொஞ்சம் கம்மி." "இவன் கால் மூடைக்கு மேல. எந்த வீட்டுப் பிள்ளைல நீ? நல்லாத்தான் வளத்திருக்காவ." தூக்கிப் பார்த்த கையோடு யாருக்கு எந்தப் பெட்டி என்பது முடிவாகிவிடும். கீழ்ப் பெட்டியில் மூன்று பேர் என்றால் நேர் எதிர்ப் பெட்டியில் அதே பாரத்துக்கு ஆள் வேண்டும். ஆள் குறைந்தால் ஒரு மணல் சாக்கு ஏறும். நாங்கள் பத்துக் காசு கொடுத்து ஏற, அந்தச் சாக்கு ஓசியில் சுற்றுவது எங்களுக்குப் பொறுக்காது.

ஆழ்வார்திருநகரியில் என் அம்மாவைப் பெற்ற ஆச்சி வீடு. முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் திருநெல்வேலியில் திருச்செந்தூர் வண்டி பிடிப்போம். 1923-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை. கரி எஞ்சின், மரப்பலகை இருக்கை. செய்துங்கநல்லூர் தாண்டி, ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நிற்கும்போதே நானும் தங்கச்சியும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவோம். அடுத்த ஸ்டேஷன்தான் என்றாலும் அம்மா திட்டுவாள். கண்ணில் கரி விழுந்தால் ஊதுவதற்கு என்று முந்தானையைச் சுருட்டிக் கையிலேயே வைத்திருப்பாள். அப்போது எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா. 1986 அக்டோபரில்தான் எங்கள் ஆச்சி ஊர் தூத்துக்குடி பக்கம் போனது. ஆச்சி அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வைகாசி விசாகம் நம்மாழ்வார் பிறந்த நாள். அதை ஒட்டித் திருவிழா. அஞ்சாம் திருநாள் ராத்திரி ஒன்பது கருட சேவை. நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரில் உள்ளூர்ப் பெருமாள் போக மற்ற எட்டுப் பேரும் அவரவர் ஊரிலிருந்து கிளம்பி வந்து இங்கே சேர்வார்கள். தென்திருப்பேரைப் பெருமாள் வந்தாச்சா, பெருங்குளத்துப் பெருமாள் எங்கே வருகிறார் என்று ஆச்சி வாசலில் நின்று போகிறவர் வருகிறவரை எல்லாம் விசாரிப்பாள், சம்பந்தி வீட்டார் வரவைப் பார்ப்பது மாதிரி. அன்ன வாகனத்தில் ஆழ்வார் எதிர்கொள்வார். கோயிலுக்குள் இருக்கிற புளியமரத்துக்கு உறங்காப்புளி என்று பெயர். ராத்திரியிலும் இலை மூடாதாம். அன்றைக்கு ஊரே உறங்காப்புளிதான். சாமி ஒரு பக்கம், பீப்பி ஒரு பக்கம், ஓலைப்பெட்டியில் சில்லுக்கருப்பட்டி ஒரு பக்கம். கால்வலி வந்த கிழவிகள் திண்ணை திண்ணையாக மாறி உட்கார்ந்து நகர்வார்கள்.

எனக்கு, பெருமாள் மன்னிக்கட்டும், ராட்டினம்தான் திருவிழா.

ஆற்றுக்குப் போகிற வழியில், ஒரு தோப்பை ஒட்டின பொட்டலில் அது நிற்கும். இரண்டு பக்கமும் கவட்டை மாதிரி சாய்த்து நட்ட கால்கள். மேலே குறுக்காக அச்சு. அச்சிலிருந்து சிலுவைபோல நாலு கை. கை நுனியில் இரும்புக் கம்பி செருகி, கம்பியில் தொங்குகிற நாலு பெட்டி. மோட்டார் கிடையாது. பெட்டியின் அடியைப் பிடித்து ஓர் இழுப்பு, அடுத்த பெட்டி கைக்கு வரும்போது ஒரு தள்ளு; அவ்வளவுதான் எஞ்சின். அச்சுக்கு விளக்கெண்ணெய். எண்ணெய் காய்ந்தால் ராட்டினம் ஒரு சத்தம் போடும், வாசற்கதவு திறக்கிற மாதிரி. அந்தச் சத்தம் ஆச்சி வீட்டு அடுக்களைவரை கேட்கும். கேட்டதும் எங்களுக்குச் சோறு இறங்காது.

உச்சிக்குப் போகையில் தோப்பின் தலை கீழே இறங்கி, தாமிரபரணி ஒரு கண்ணிமைப்புக்குத் தெரியும். வைகாசித் தண்ணீர் இல்லாத ஆறு, மணலாய், நடுவில் ஒரு வெள்ளிக்கோடு. பிறகு வயிறு தொண்டைக்கு வரும். நான் நினைத்துக்கொண்டிருந்த உயரம் பனைமர உயரம். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் பதினைந்தடி இருக்கும்.

பெட்டிகளின் பலகை தனி. வளைந்து, ஆணி ஓட்டை ஓட்டையாய், ஒரு பக்கம் கறுத்துத் தார் வாடை அடிக்கும். தூத்துக்குடியில் உடைத்த தோணியின் பலகை அது என்று பாட்டையா சொல்வார். தூத்துக்குடித் தோணிகள் உப்பும் ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவை. கொழும்பு பார்த்த பலகையில் உட்கார்ந்திருக்கிறோம் என்கிற பெருமை எங்களுக்கு. சிராய் ஏறுவதும் கொழும்புச் சிராய்தான். ஆச்சி ஊக்கைத் தீயில் காட்டி எடுத்துவிடுவாள்.

பாட்டையா கடற்கரை ஆள். ராட்டினக் காலில் பனிமய மாதா படம் ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே எங்கள் ஊர்க்காரர்கள் யாரோ இட்ட திருமண். முதல் சுற்றுக்கு முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆழ்வாரே, பாத்துக்கிடும்" என்பார். இரண்டு பேரையும் கூப்பிட்டுவிடுவதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. வருஷத்துக்கு அவருக்கு ஒரு சுற்று இருந்தது. வைகாசியில் எங்கள் ஊர். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடி மாதா கோயில். ஆவணியில் திருச்செந்தூர். செப்டம்பரில் மணப்பாட்டுச் சிலுவைத் திருவிழா. அதை முடித்துக் குலசேகரன்பட்டினம் தசரா. பங்குனி உத்திரத்துக்கு ஏதாவது ஒரு சாஸ்தா கோயில் தேரிக்காடு. ராட்டினமும் ஊர் ஊராய்ச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அதற்கு முன் அவர் கயிறு பிடித்தவர். முத்துக்குளிப்பில். குளிக்கிறவன் கல்லில் கால்வைத்து ஏழெட்டுப் பாகம் இறங்குவான். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒண்ணேகால் நிமிஷம் அடியில் இருந்து சிப்பி பொறுக்குவான். கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் ஒரு சொல் உண்டு. கூடப்பிறந்தவன்கூட சொத்துக்காகக் கையை நழுவவிடலாம். அக்கா தாலியை நினைத்து மச்சான் விடமாட்டான் என்று நியாயம் சொல்வார்கள். பாட்டையா தன் அக்கா புருஷனுக்குக் கயிறு பிடித்ததாகச் சொன்னார். "கயிறு பேசும்ல. கண்ணு எதுக்கு? கண்ண மூடிக்கிட்டுத்தான் பிடிக்கணும்." இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அளப்பு என்று தெரியாது. அவரே முத்து எடுத்ததாக இன்னொரு நாள் சொன்னார், அதுவும் நெல்லிக்காய் சைசில்.

ஆனால் காலக்கணக்கு பொருந்துகிறது. 1955-லிருந்து 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி கிடக்கிற இடங்களுக்குப் பார் என்று பெயர். மீன்துறைக்காரர்கள் பாரில் இறங்கிப் பார்த்து, சிப்பி தேறியிருந்தால் குளிப்பு அறிவிப்பார்கள். "வருசா வருசம் பாரப் பாப்பாவ. சிப்பி இல்லம்பாவ. அடுத்த வருசம் பாப்போம்பாவ." 1961-ல் கடலை விட்டுக் கரையேறியவன் எவனுக்கும் அதுதான் கடைசி என்று தெரியாது. கயிற்றைச் சுருட்டி வீட்டில் மாட்டியிருப்பான், அடுத்த குளிப்புக்கு. பாட்டையா இரண்டு மூன்று வருஷம் காத்திருந்துவிட்டு, ஒரு தச்சாசாரியைப் பிடித்து ராட்டினம் செய்தார். சுருட்டின கயிறு ராட்டினக் காலிலேயே தொங்கும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் பக்கத்திலேயே இரும்பு ராட்டினம் வந்தது. பெரியது. டீசல் எஞ்சின், கலர் கலராய் டியூப் லைட், பாட்டு. பெட்டிக்குப் பெட்டி நம்பர் போட்டிருக்கும். அதில் ஏறினால் ஆறு என்ன, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டே தெரியும் என்றார்கள். நானும் ஏறினேன், மறைக்க என்ன இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது. "போதும், நிப்பாட்டு" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் எவனுக்கும் கேட்கவில்லை. பாட்டையாவிடம் கத்த வேண்டியதில்லை. பிள்ளை முகம் வெளுத்தால் தானாகவே பெட்டியில் தோளைக் கொடுத்து நிறுத்திவிடுவார். அதனாலேயே பெரிய பையன்கள் அவரிடம் போவதை விட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளும், இரும்பு ராட்டினத்துக்குக் காசு இல்லாதவர்களும்தான் அவருக்கு மிச்சம்.

அடுத்த வைகாசியிலோ அதற்கடுத்ததிலோ அது நடந்தது. சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். எனக்குப் பதின்மூன்று வயது. ஏறாமல் கீழே நின்று நுங்கு தின்றுகொண்டிருந்தேன். தங்கச்சியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரு பெட்டியில். அந்தப் பெட்டி உச்சிக்குப் போகையில் 'டப்' என்று ஒரு சத்தம். விறகு வெடிக்கிற மாதிரி. சின்னச் சத்தம்தான். பாட்டையா அந்த நிமிஷமே கீழ்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ராட்டினம் நின்றது. தங்கச்சி உச்சியில்.

கம்பி செருகின இடத்துக்குச் சற்று உள்ளே, கை நீளவாக்கில் பிளந்திருந்தது. கீழிருந்தே கோடு தெரிந்தது.

ஜனம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. கீழ்ப் பெட்டிப் பிள்ளைகளை முதலில் இறக்கு என்று ஒருத்தர் கத்தினார். எவனாவது கிட்டே வந்தால் உதைப்பேன் என்றார் பாட்டையா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கீழே ஆள் இறங்கினால் மேலே பாரம் கூடிப்போகும். பிளந்த கை விசையாகச் சுற்றிக் கீழே வரும். அது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. என் மாமாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கீழ்ப் பெட்டியைப் பிடிக்கச் சொன்னார். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டி தள்ளுகிற கம்பை வாயில் கவ்விக்கொண்டு, கால்மரத்தில் ஏறினார். ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். கையொடிந்தவனுக்குப் பத்தை கட்டுவதுபோலப் பிளவில் கம்பை ஒட்டிவைத்து வரிந்து கட்டினார். மிச்சக் கயிறை எதிர்ப்பக்கமாகக் கீழே விட்டு, இறங்கி, அதன் நுனியை இடுப்பைச் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எம்மா, கம்பியப் பிடிச்சுக்கோ. கீழ பாக்காத. ஆத்தப் பாரு."

"மாப்ள, பைய. நாஞ் சொல்லச் சொல்ல விடுங்க."

மாமாவும் மற்றவர்களும் கீழ்ப் பெட்டியைக் கொஞ்சங்கொஞ்சமாக மேலே விட்டார்கள். பாட்டையா குதிகாலை மணலில் ஊன்றிக் கயிறை விரல் விரலாக விட்டுக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. மரம் ஒருமுறை முனகியது, கயிறு நின்றது. மறுபடி நகர்ந்தது. அரைச்சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ. இரும்பு ராட்டினத்தில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அங்கே எவருக்கும் இது தெரியாது. பெட்டி இடுப்பு உயரத்துக்கு வந்ததும் ஆச்சி ஓடிப்போய்த் தங்கச்சியை அள்ளினாள். அள்ளின கையோடு முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அழுதாள்.

மற்றப் பிள்ளைகளை எந்த வரிசையில் இறக்கினார், எப்படி ஏற்றத்தாழ்வு பார்த்தார் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. அவர் உள்ளங்கை நினைவிருக்கிறது. கயிறு ஓடின இடத்தில் தோல் வழன்றிருந்தது. மஞ்சளும் எண்ணெயும் குழைத்து மாமா வீட்டுத் திண்ணையில் ஆச்சிதான் போட்டுவிட்டாள்.

அன்று ராத்திரியே ராட்டினத்தைப் பிரித்துவிட்டார். கால், அச்சு, மூன்று கை, மூன்று பெட்டி மாட்டுவண்டியில் ஏறின. பிளந்த கையை அடுப்புக்குக் கொடுத்தார். நாலாவது பெட்டியை வண்டியில் வைக்க இடமிருந்தது; வைக்கவில்லை. "கெடக்கட்டும் அண்ணாச்சி, வார வருசம் புதுக் கை போட்டுட்டு வந்து எடுத்துக்கிடுதேன்" என்று மாமாவிடம் சொன்னார்.

வந்த வருஷம் அந்தப் பொட்டலில் நாங்கள் போய்ப் பார்த்தோம். இரும்பு ராட்டினம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார்கள், விஸ்தாரமாக. மணப்பாட்டுக்கும் அவர் வரவில்லை என்று கருப்பட்டிக்காரர் சொன்னார். அவ்வளவுதான் தகவல். மூடுகிறோம் என்று எவரும் போர்டு மாட்டவில்லை. மாட்டுவதற்கு வாசல்தான் ஏது?

மர ராட்டினம் போனது நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. அதில் என் பேத்தியை ஏற்றுவேனா என்று கேட்டால் மாட்டேன். இரும்புக்கும் அதற்குரிய பாடு உண்டு. சென்னையில் நான் வேலை பார்த்த நாட்களில், 1995-ல், தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்தார்கள். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சனின் பூங்கா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருப்போம். 2016 மே மாதம் அங்கே ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் இறந்துபோனார் என்று பேப்பரில் படித்தபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மணல் சாக்கு. பாட்டையா ஒவ்வொரு நாள் காலையிலும் நாலு பெட்டியிலும் சாக்கை ஏற்றி இருபது சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கடையைத் திறப்பார்.

தங்கச்சி மெல்பர்னில் இருக்கிறாள். சில வருஷம் முன்னால் அங்கே போயிருந்தபோது, செயின்ட் கில்டா கடற்கரையில் லூனா பார்க்குக்குக் கூட்டிப்போனாள். பெரிய நிலாமுகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். வாய்க்குள் நுழைந்துதான் போக வேண்டும். உள்ளே மரத்தாலான ரோலர் கோஸ்டர். 1912-ல் கட்டியது. இடைவிடாமல் ஓடிய மரக் கோஸ்டர்களில் உலகத்திலேயே மூத்தது அதுதான். சாரம் கட்டினமாதிரி வெள்ளை வெள்ளையாய் மரச்சட்டம், அதன்மேல் பூங்காவைச் சுற்றிவருகிற தண்டவாளம். நான் தயங்கினேன். உச்சியில் மாட்டிக்கொண்டவள் அவள். அவள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியின் நடுவில் ஒருத்தர் நின்றுகொண்டே வருகிறார். உட்காரவே இல்லை. கையில் ஒரு நெம்புகோல். இறக்கத்தில் வேகம் மிஞ்சினால் அவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஓட்டம் முழுக்க அந்தக் கைதான் பிரேக். மேட்டில் ஏறும்போது கடல் தெரிந்தது. சட்டமெல்லாம் கிடுகிடுவென்று ஆடி, முனகி, அதே வாசற்கதவுச் சத்தம். மரம் அப்படி ஆடினால்தான் உடையாதாம். பலகையை வருஷா வருஷம் அங்கங்கே மாற்றிக்கொண்டே வருகிறார்கள் என்றும், முதலில் போட்ட மரம் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று சொல்வது கஷ்டம் என்றும் தங்கச்சி சொன்னாள். இதையெல்லாம் அவள் தேடித்தேடிப் படித்திருக்கிறாள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 1902-ல் கட்டின ஒரு மரக் கோஸ்டர் 1985-ல் நின்றுபோய், ஆட்கள் விடாமல் முயன்று 1999-ல் திரும்ப ஓடவிட்டார்களாம். "ஒரு கோஸ்டருக்குப் பதினாலு வருசம் அலைஞ்சிருக்காங்க பாரு" என்றாள். இறங்கும்போது பிரேக்காரர் பக்கத்தில் நின்று அவர் உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள். அவர் கையுறை போட்டிருந்தார்.

நாலாவது பெட்டி மாமா வீட்டுத் தொழுவத்திலேயே கிடந்தது. கன்றுக்குட்டிக்கு வைக்கோல் போட்டார்கள். பிறகு கோழி அடைந்தது. இரும்புக் கம்பியை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மாமா காலமான பிறகு மச்சான் வீட்டை இடித்துக் கட்டினான். பெட்டியை மட்டும் எறியவில்லை. "அப்பா, அந்தாளு வந்து கேப்பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றான். அந்த ஆள் இருந்தால் நூறு வயதாவது ஆகியிருக்கும்.

2023 டிசம்பர் 17-ந் தேதி பெய்ய ஆரம்பித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கொள்ளவில்லை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோய், ஜனங்கள் சுற்றிலும் தண்ணீரோடு உள்ளேயே கிடந்தார்கள். மச்சானுக்குப் போன் போகவில்லை. நாலாம் நாள்தான் குரல் கேட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, மாடு இரண்டையும் மேட்டுக்கு ஓட்டிவிட்டோம், தொழுவத்தில் இருந்ததெல்லாம் போச்சு என்றான்.

ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். இரண்டு வயல் தள்ளி ஒரு வாழைத்தோட்டம். வாழை எல்லாம் சாய்ந்து கிடக்க, நடுவில் நாலாவது பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, வண்டல் நிரம்பி. தோணிப் பலகை அல்லவா, மிதந்திருக்கிறது. படத்தைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவள் அங்கிருந்து உடனே மச்சானுக்கே போன் போட்டுவிட்டாள்.

"வாழக்காரரு, இது நம்ம தோட்டத்துக்கு வந்தது, கோழி அடைக்க வச்சுக்கிடட்டுமான்னு கேக்காரு" என்றானாம் மச்சான். "என்ன சொல்லட்டும்?"

"குடுத்துரு" என்றிருக்கிறாள். "உள்ள சிராய் இருக்கும், பாத்துக் கைய விடச் சொல்லு."